புறநகரில் புது மையம் வரப்போகிறதாம், நம்மை எப்போது கேட்பார்கள்?

மாந்தோப்புக்காரன்

கிருஷ்ணகிரிக்கு வெளியே பைபாஸைத் தாண்டினால் எங்கள் ஊராட்சி. போன வாரம் ஒரு பொது அலுவலகச் சுவரில் நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருந்தார்கள், அதில் பாதியைக் காதணி விழா போஸ்டர் மறைத்துவிட்டது. மிச்சப் பாதியில் படித்தவரைக்கும் எங்கள் பக்கம் ‘புறநகர் மையம்’ ஒன்று வரப்போகிறது. பஸ் ஸ்டாண்டு, காய்கறி மார்க்கெட், மாடிக் கடைகள், பூங்கா எல்லாம் உண்டு. வரைபடம் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கிறது என்று போட்டிருந்ததால் போனேன். பொறுப்பாளர் லீவு, திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். திங்கள் போனால் அவர் குறைதீர் கூட்டத்துக்குப் போய்விட்டார். மூன்றாவது தடவைதான் கண்ணில் காட்டினார்கள், அதுவும் போட்டோ எடுக்கக் கூடாது என்ற கண்டிஷனோடு.

எங்கள் மூன்று ஏக்கர் மாந்தோப்பில் முக்கால்வாசி மேல் பச்சை அடித்திருக்கிறது. பச்சை என்றால் என்ன என்று கேட்டேன். ஒருவர் பூங்கா என்றார், பக்கத்து மேஜைக்காரர் விவசாயம் என்றார். ரெண்டும் ஒன்றா?

நான் திட்டத்துக்கு எதிரி இல்லை. ஒரு ஜெராக்ஸ் எடுக்கக்கூட டவுனுக்குப் போகிற ஊர் எங்களுடையது. கேட்க வந்தது இதுதான்: கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒன்று நடக்குமா, நடந்தால் நாம் சொல்வது எங்கேயாவது ஏறுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலக்கோட்டான்

அண்ணா, வரைபடம் வந்துவிட்டது என்றாலே எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். 2018இல் சென்னை–சேலம் எட்டு வழிச்சாலைக்கு அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் கல் நட்டபோது யார் யாரைக் கேட்டார்கள்? கல் நட்ட பிறகுதான் கருத்தே கேட்டார்கள். கூட்டம் நடக்கும், டீ கொடுப்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள், அந்தக் கையெழுத்தையே ‘மக்கள் ஒப்புதல்’ என்று ஃபைலில் வைப்பார்கள்.

பழைய சர்வேயர்

தம்பி பாலக்கோட்டான் சொல்வதில் கோபம் சரி, தகவல் சரியில்லை. நான் வேலையில் இருந்த காலத்தில் இந்த மாதிரி வரைபடங்களோடுதான் குடித்தனம் நடத்தினேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

நம் மாவட்டத்தில் கருத்துக் கேட்பு என்றால் எல்லோருக்கும் கல்குவாரிக்குப் பந்தல் போட்டு நடத்துவார்களே, அதுதான் நினைவுக்கு வருகிறது. அது 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடப்பது. கட்டடத் திட்டங்கள், டவுன்ஷிப் போன்றவற்றுக்கு அந்த அறிவிக்கையிலேயே மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு இருக்கிறது. பந்தல் போடுவார்கள் என்று காத்திருந்தீர்கள் என்றால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இங்கே நமக்கு வாசல் வேறு பக்கம் இருக்கிறது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971. முழுமைத் திட்டமோ (மாஸ்டர் பிளான்) புதுநகர் வளர்ச்சித் திட்டமோ தயாரித்தால் 26ஆம் பிரிவுப்படி அரசிதழிலும் அந்தப் பகுதியின் முக்கிய நாளிதழ்களிலும் அறிவிப்பு போட வேண்டும், வரைவை எங்கே எந்த நேரத்தில் பார்க்கலாம் என்று சொல்ல வேண்டும், ஆட்சேபணையும் ஆலோசனையும் எழுத்தில் கேட்க வேண்டும். அதற்கான அவகாசம் அரசிதழில் வந்த நாளிலிருந்து 2 மாதத்துக்குக் குறையக் கூடாது. ‘என்னை நேரில் கேட்டாக வேண்டும்’ என்று மனுவில் எழுதிக் கேட்டவர்களுக்கு நேரில் பேச நியாயமான வாய்ப்பு தர வேண்டும். இந்த வரியை நிறையப் பேர் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் ‘எங்களைக் கூப்பிடவே இல்லை’ என்கிறார்கள். எழுதாதவரை அவர்கள் ஏன் கூப்பிடப் போகிறார்கள்?

ஆகவே மாந்தோப்புக்காரரே, முதல் வேலை அந்த நோட்டீஸில் இருக்கும் அரசிதழ் தேதியைப் பாருங்கள். காதணி விழாவைக் கிழித்தாலும் பரவாயில்லை.

மாந்தோப்புக்காரன்

கிழிக்கவில்லை சார், மெதுவாக உரித்துப் பார்த்தேன், மாமன் சீர் வரிசை கோபித்துக்கொள்ளும். சட்டப் பிரிவு 26 என்றே போட்டிருக்கிறது. தேதிப்படி இன்னும் 33 நாள் பாக்கி.

லேஅவுட் தம்பி

நான் மனை விற்கிறவன், அதை மறைக்கவில்லை. திட்டினாலும் பரவாயில்லை, ஒன்று கேட்கிறேன். திட்டமே வேண்டாம் என்றால் என்ன நடக்கும்? நாளைக்கே ஆளாளுக்கு வேலி போட்டு, 20 அடி ரோடு விட்டு, கல் நட்டு விற்பார்கள். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதும் எங்கள் தொழிலில் எத்தனை பேர் தலையில் கை வைத்தார்கள், வாங்கிய ஜனங்கள் வரன்முறைப்படுத்த எப்படி அலைந்தார்கள் என்று பார்த்தவன் நான். அந்த மனைகளில் பார்க் இல்லை, சாக்கடை இல்லை, ஆம்புலன்ஸ் திரும்ப இடமில்லை. முறையான திட்டம் வந்தால்தான் ரோடாவது அகலமாக வரும். ஓசூரைப் பாருங்கள், 2019இல் மாநகராட்சி ஆகிவிட்டது. 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். அந்த வேகம் நம் பக்கம் வந்து சேர எத்தனை நாளாகும்? ரயில்கூட இல்லாத மாவட்டத் தலைநகர் நம்முடையது, வருகிறதையாவது வரவிடுங்கள்.

ஷிப்ட் பஸ்

வரவேண்டாம் என்று யார் சொன்னார்கள்? எங்கே, எப்படி வருகிறது என்றுதான் கேட்கிறோம்.

நான் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன், ராத்திரி இரண்டாம் ஷிப்ட் முடிந்து பைபாஸில் இறங்கும்போது மணி பன்னிரண்டை நெருங்கிவிடும். என்னோடு இறங்குகிற பெண்கள் ஒன்பது பேர். இந்தப் புது பஸ் ஸ்டாண்டை பைபாஸிலிருந்து எவ்வளவு தூரத்தில் போட்டிருக்கிறார்கள்? அங்கிருந்து ஊருக்குள் வரும் வழியில் விளக்கு உண்டா? பெண்கள் கழிப்பறை பஸ் ஸ்டாண்டுக்குள்ளா, பின்னால் மூலையிலா, ராத்திரி பூட்டிவிடுவார்களா? இதையெல்லாம் வரைகிறவர் நடுராத்திரி அந்த ரோட்டில் ஒரு தடவை நடந்து பார்த்திருந்தால் கேட்கவே வேண்டியதில்லை.

இன்னொன்று. கருத்துச் சொல்ல வரச் சொல்வது எப்போதும் வேலை நாள் காலை பதினொரு மணி. அந்த நேரத்தில் நான் தூங்குவேன், இல்லையென்றால் லைனில் நிற்பேன். வயல் வேலைக்குப் போகிற அக்காமார் களத்தில் இருப்பார்கள். கடைசியில் கூட்டத்துக்கு வருகிறவர்கள் வெள்ளை வேட்டிக்காரர்களும் ரிட்டயர் ஆனவர்களும்தான் (சர்வேயர் சார் மன்னிக்கவும்).

பழைய சர்வேயர்

மன்னிப்பெல்லாம் எதற்கம்மா, உண்மைதானே. நான் பார்த்த கூட்டங்களில் மைக்கைப் பிடித்தவர்கள் திரும்பத் திரும்ப அதே பத்துப் பேர்தான்.

தாம்பரத்துக் கிருஷ்ணகிரியான்

ஊர் கிருஷ்ணகிரி, பிழைப்பு சென்னையில். எங்கே வைக்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்று நான் உடம்பால் அனுபவித்தவன். கிளாம்பாக்கம் பஸ் முனையத்தை 2023 டிசம்பர் 30இல் திறந்தார்கள். கட்டடத்தைக் குறை சொல்ல மாட்டேன், நம் ஊர்க்காரர்கள் பார்த்தால் ஏர்போர்ட் என்பார்கள். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு வீட்டுக்கு எப்படிப் போவது என்ற கேள்விக்குப் பதில் சரியாகத் தயாராவதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள். ரயில் நிலையம் பக்கத்தில் வரும் என்றார்கள், திறந்த அன்று அது இல்லை. அடுத்த பிப்ரவரியில் ராத்திரி பஸ் கிடைக்காமல் ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இறங்குகிற ஆள் கடைசி மூன்று கிலோமீட்டர் எதில் போவான் என்று பயணிகளில் நூறு பேரைக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அதனால் உங்கள் மனுவில் பஸ் ஸ்டாண்டு வேண்டும், வேண்டாம் என்று எழுதாதீர்கள். டவுன் பஸ் எத்தனை மணி வரைக்கும், மினி பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் எங்கே நிற்கும், அதற்கு இடம் வரைபடத்தில் இருக்கிறதா, இதைக் கேளுங்கள்.

சந்தைமேடு

யாரும் சந்தையைப் பற்றிப் பேசவில்லையே. எங்கள் அம்மா முப்பது வருஷமாக அந்த ஊராட்சி வாரச்சந்தையில் புளியும் காய்ந்த மிளகாயும் விற்கிறார். மார்க்கெட் கட்டிடம் வந்தால் சந்தை என்ன ஆகும்? வாரச்சந்தையும் மார்க்கெட்டும் ஒன்று என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள். மார்க்கெட் என்றால் ஷட்டர், அட்வான்ஸ், மாத வாடகை. சந்தை என்றால் சாக்கை விரித்து, சுங்கம் கட்டி, சாயங்காலம் மடித்துக்கொண்டு போவது. ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளியிலோ, வெள்ளிக்கிழமை ஆடு விற்க குந்தாரப்பள்ளியிலோ போய் நின்று பாருங்கள், எத்தனை ஊர் அந்த ஒரு நாளை நம்பி இருக்கிறது என்று தெரியும். அந்த ஜனங்களை மாடிக் கடைக்கு மாற்றுவதா?

சாலையோர வியாபாரிகளுக்கு 2014இல் சட்டம் வந்ததே, அது எங்களுக்கு உதவுமா?

பழைய சர்வேயர்

அந்தச் சட்டம் முதலில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளை மனதில் வைத்து எழுதியது. ஊராட்சிக்குள் இருக்கும் உங்கள் சந்தைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லி நம்பிக்கை கொடுக்க மாட்டேன். ஆனால் நாளைக்கு அந்த இடத்தை நகராட்சியோடு சேர்த்தால் கதை மாறும். அந்தச் சட்டப்படி அமைக்கும் விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேராவது வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் இயல்பாக நடந்துவரும் சந்தையைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவிக்க வேண்டும், அங்கே வியாபாரம் செய்கிறவர்களை இடம் மாற்றக் கூடாது என்று அதன் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. அதனால் சந்தை எந்த வருஷத்திலிருந்து நடக்கிறது என்பதற்கு இப்போதே ஆதாரம் சேருங்கள். பழைய சுங்க ஏல ரசீது, ஊராட்சித் தீர்மானம், எது கிடைத்தாலும்.

கிராம சபையையும் மறக்க வேண்டாம். வருஷத்துக்கு ஆறு நாள் வழக்கமாகக் கூடுகிறது. சந்தை இந்த இடத்திலேயே தொடர வேண்டும் என்று அதில் ஒரு தீர்மானம் போட்டு நகலை மனுவோடு இணைத்தால், தனி ஆள் கடிதத்தை விட அதற்குக் கனம் அதிகம்.

லேஅவுட் தம்பி

மாந்தோப்புக்காரர் பச்சையைப் பற்றிக் கேட்டாரே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. வரைபடத்தின் மூலையில் குறிப்புக் கட்டம் இருக்கும், அதில் வண்ணத்துக்கு எதிரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். விவசாய மண்டலம் என்றால் தோப்பு உங்கள் கையில் இருக்கும், கட்டடம் கட்டத்தான் அனுமதி கஷ்டம். பூங்கா, திறந்தவெளி என்று பொதுப் பயனுக்கு ஒதுக்கியிருந்தால் அது வேறு விஷயம். விற்பதும் கஷ்டம், கட்டுவதும் கஷ்டம், பணமும் உடனே வராது.

பழைய சர்வேயர்

தம்பி சொன்னது சரி. கூடவே ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பொது நோக்கத்துக்கு ஒதுக்கிவிட்டு 26ஆம் பிரிவு அறிவிப்பு வந்து மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்தும் அறிவிப்பு வராமலே கிடந்தால், அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கருதப்படும், பிரிவு 38. இதைக் கையில் வைத்துக்கொண்டு நிறையப் பேர் வழக்குப் போட்டிருக்கிறார்கள். ஆனால் மூன்று வருஷம் காத்திருந்து வழக்குப் போடுவதை விட, 33 நாளில் ஒரு மனு எழுதுவது சுலபம்.

பாலக்கோட்டான்

எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. மனு வாங்கி, ‘பரிசீலிக்கப்பட்டது’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அதே வரைபடத்தை அனுப்பினால்?

பழைய சர்வேயர்

அனுப்பலாம். நடக்காதது ஒன்றும் இல்லை. ஆனால் ‘திட்டத்தை எதிர்க்கிறோம்’ என்று ஆயிரம் கையெழுத்தோடு வந்த மனுவை ஒரே வரியில் மூடுவதை நானே பார்த்திருக்கிறேன். சர்வே எண், உட்பிரிவு, வரைபடத்தில் காட்டியிருப்பது, தரையில் இருப்பது, அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதிய மனுவை அப்படி மூட முடியாது, யாராவது தரைக்குப் போய்ப் பார்த்தாக வேண்டும். ஒரு மனுவுக்கு ஒரு விஷயம் போதும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். முடிவு வந்த பிறகு தகவல் அறியும் சட்டத்தில் உங்கள் மனு மேல் என்ன குறிப்பு எழுதினார்கள் என்று கேட்கலாம்.

ஷிப்ட் பஸ்

சார், எங்கள் ஒன்பது பேர் பிரச்சினைக்கு சர்வே எண் எது? இருட்டுக்கு உட்பிரிவு உண்டா?

பழைய சர்வேயர்

நல்ல கேள்வி கேட்டுவிட்டாய் அம்மா, எனக்கு உடனே பதில் வரவில்லை. பைபாஸில் இறங்கும் இடத்திலிருந்து ஊர் வரைக்கும் அந்தப் பாதை எந்தெந்த சர்வே எண் வழியாகப் போகிறது என்று எழுதலாம். அந்தப் பாதைதான் உன் மனு.

மாந்தோப்புக்காரன்

எல்லோருக்கும் நன்றி. பத்து நாளாக இங்கே எழுதாததற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

சந்தைமேடு எழுதியதைப் படித்த பிறகு, வரைபடத்தை நாமே சந்தைக்கு எடுத்துப் போனால் என்ன என்று தோன்றியது. மறுபடி அலுவலகம் போய், எழுதிக் கொடுத்து, கட்டணம் கட்டி நகல் வாங்கினேன் (போட்டோ எடுக்கக் கூடாதாம், காசு கட்டினால் நகல் உண்டாம்). லேஅவுட் தம்பி தன் கடையில் அதைப் பெரிதாக ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. சந்தை நாள் விடியற்காலை மூன்றரை மணிக்கு நான், சந்தைமேடு, ஷிப்ட் முடித்து வந்த அந்தத் தங்கை, மூவரும் புளியமரத்தடியில் விரித்தோம்.

முதல் ஒரு மணி நேரம் வீண். யாருக்கும் புரியவில்லை, எனக்கே வடக்கு எது என்று குழப்பம். அப்புறம் சந்தைமேட்டின் அம்மா ஒரு வேலை செய்தார். ஃப்ளெக்ஸைத் திருப்பிப் போட்டு, மேல்நிலைத் தொட்டி இருக்கும் இடத்தில் ஒரு வெங்காயம், மாரியம்மன் கோயிலுக்கு ஒரு எலுமிச்சை, நாங்கள் நின்ற புளியமரத்துக்கு ஒரு கொத்துப் புளி என்று வைத்தார். அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. எங்கே தண்ணீர்க் குழாய் வேண்டும், ஆட்டை எந்தப் பக்கம் இறக்குவது, டெம்போ எங்கே திரும்பும் என்று சண்டையே வந்தது. மாடி வேண்டவே வேண்டாம், கூரையும் திண்ணையும் போதும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே பேச்சு. ஒரு அக்கா, ‘மார்க்கெட் கட்டட்டும், வாரத்தில் மிச்ச ஆறு நாளும் விற்கிறேன், ஆனால் சந்தையன்று ஷட்டருக்கு முன்னால் எங்களை உட்காரவிடணும்’ என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை.

முக்கியமான விஷயம் ஐந்தரை மணிக்கு வந்தது. ஆடு வாங்க வந்த ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மாடிக் கடைகள் போட்டிருக்கும் இடத்தில் விரலை வைத்து, ‘இது ஏரி கோடி போற வழியாச்சே’ என்றார். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் அங்கேதான் இறங்குமாம், பத்துப் பதினைந்து வருஷமாக நிரம்பாததால் வேலிக்காத்தான் மூடிக் கிடக்கிறது. வரைபடத்தில் அங்கே ஓடையே இல்லை, நேர் கோட்டில் ஒரு ரோடு போகிறது. 2024 டிசம்பரில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஏரி உடைத்துக்கொண்டு வேனையும் காரையும் உருட்டிக்கொண்டு போனதை நாம் எல்லோரும் செல்போனில் பார்த்தோம். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

பழைய சர்வேயர்

நிறுத்துங்கள், இது மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் போக வேண்டிய மனு. கிராம வரைபடத்தில் அந்த ஓடை நிச்சயம் இரட்டைக் கோடாக இருக்கும். விஏஓ-விடம் பழைய அ-பதிவேட்டில் (ஊர் நில விவரப் பதிவேடு) அந்த சர்வே எண்ணுக்கு எதிரில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள், ஓடைப் புறம்போக்கு என்று இருந்தால் அந்தப் பதிவின் நகலும் வேண்டும். பெரியவர் பெயர் வேண்டாம், ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள் என்று எழுதினால் போதும்.

பாலக்கோட்டான்

சரி, இந்த ஒரு மனுவுக்கு நானும் வருகிறேன். நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த ஏரிக்குக் கீழேதான் என் தங்கையைக் கட்டிக் கொடுத்திருக்கிறது.

லேஅவுட் தம்பி

அந்த ஓடைக்குப் பக்கத்தில் நான் எட்டு மனைக்கு அட்வான்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன். என்ன செய்வது என்று ரெண்டு நாளாக யோசிக்கிறேன். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், விடுங்கள். மனுவோடு வைக்க வரைபட நகல் எத்தனை வேண்டும்? பிளாக் அண்ட் ஒயிட் போதுமா?

சந்தைமேடு

பதினெட்டு. கலரிலேயே எடுங்கள் அண்ணா, ஓடையை அம்மா நீலப் பேனாவில் வரைந்திருக்கிறார்.